ஸ்வீடன் அரசியலும் சமூகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடனைப் பற்றி நம்மிடையே இரண்டு கதைகள் சுற்றுகின்றன. பிறப்பு முதல் இறப்பு வரை அரசே பார்த்துக்கொள்ளும் சொர்க்கம் என்பது ஒன்று. அகதிகளை உள்ளே விட்டு நாடே குட்டிச்சுவராகிவிட்டது என்பது இன்னொன்று. இங்கே வந்து சேர்ந்த புதிதில் எனக்கும் முதல் கதைதான் தெரியும். ஊரிலிருந்து போன் செய்கிறவர்களும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்வீடன் ஒரு சோஷலிச நாடா?

இல்லை. வோல்வோ, எரிக்சன், எச்&எம் எல்லாமே தனியார் நிறுவனங்கள். ஒருவரின் மொத்தச் செல்வத்தின் மீது போடும் செல்வ வரியை 2007இல் எடுத்துவிட்டார்கள். வாரிசு வரி அதற்கும் முன்பே போய்விட்டது. அதன் கதை கொஞ்சம் விசித்திரம். 2005 ஜனவரி 1 முதல் அந்த வரி இல்லை என்று சட்டம் போட்டாயிற்று. இடையில் 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. தாய்லாந்துக் கடற்கரையில் விடுமுறைக்குப் போயிருந்த 500க்கும் மேற்பட்ட ஸ்வீடன்காரர்கள் இறந்துபோனார்கள். சில நாள் வித்தியாசத்தில் அவர்கள் பிள்ளைகள் வரி கட்ட வேண்டி வருமே என்று ரத்துத் தேதியை டிசம்பர் 17க்கு முன்னே நகர்த்தினார்கள். வாரிசு வரியை இப்படி எடுத்தது சமூக ஜனநாயகக் கட்சி அரசு!

அந்தக் கட்சிதான் 1932 முதல் 1976 வரை, 1936இல் சில மாதங்கள் தவிர, தொடர்ந்து பிரதமர் பதவியை வைத்திருந்தது. தாகே எர்லாண்டர் ஒருவரே 23 ஆண்டுகள் பிரதமர். அவர்கள் தொழிற்சாலைகளை முதலாளிகளிடமிருந்து பிடுங்கவில்லை. நீங்களே நடத்துங்கள், லாபம் பாருங்கள், வரியையும் கூலியையும் ஒழுங்காகக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் அவர்கள் வழி. இதற்கு 1928இல் பெர் ஆல்பின் ஹான்சன் கொடுத்த பெயர் ‘ஃபோல்க்ஹெம்’, அதாவது மக்கள் இல்லம். நல்ல வீட்டில் மூத்த பிள்ளை, மாற்றாந்தாய்ப் பிள்ளை என்ற பேதம் இருக்காது என்பது அதன் சாரம்.

அந்த இல்லத்தில் ஓர் இருட்டு அறையும் உண்டு. 1935 முதல் 1975 வரை நடப்பிலிருந்த கருத்தடைச் சட்டங்களின் கீழ் 60,000க்கும் மேற்பட்டோருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பெரும்பாலோர் பெண்கள். ‘தகுதியற்றவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்டு, வற்புறுத்தலின் பேரில் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்களில் ஏராளம். 1999இல்தான் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. ஸ்வீடன் புராணம் பாடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ராஜா இருக்கிறாரே, அவருக்கு என்ன அதிகாரம்?

ஒன்றுமில்லை. 1974 அரசியல் சாசனம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. சட்டங்களில் கையெழுத்திடும் வேலைகூட அவருக்குக் கிடையாது. பிரதமர் பெயரை முன்மொழிவது நாடாளுமன்ற சபாநாயகர். 1973 முதல் அரியணையில் இருக்கும் கார்ல் 16ஆம் குஸ்டாஃப் நாடாளுமன்றக் கூட்டத்தொடரைத் தொடங்கி வைப்பார், டிசம்பர் 10இல் நோபல் பரிசு கொடுப்பார். மகனோ மகளோ, மூத்தவருக்கே பட்டம் என்று 1980இல் சட்டம் மாறியதால், ஏழு மாதக் குழந்தையாக இருந்த இளவரசரிடமிருந்து பட்டம் அக்காள் விக்டோரியாவுக்குப் போனது. ராஜாவுக்கு அதில் அவ்வளவாக உடன்பாடு இல்லை, ஆனால் அவரை யார் கேட்டார்கள்?

தேர்தல் எப்படி நடக்கிறது?

நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு. நாடாளுமன்றம், மாகாணம், நகராட்சி மூன்றுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. நாடாளுமன்றத்தின் பெயர் ரிக்ஸ்டாக், 349 இடங்கள். தொகுதிக்கு ஒருவர் ஜெயிக்கும் முறை இல்லை. கட்சி வாங்கிய வாக்கு சதவீதத்துக்கு ஏற்ப இடம். நாடு முழுக்க 4 சதவீதம் தாண்டாத கட்சி, ஏதாவது ஒரு தொகுதியில் 12 சதவீதம் வாங்கியிருந்தாலொழிய, வெளியேதான் நிற்க வேண்டும். அதனால் சின்னக் கட்சிகளுக்குத் தேர்தல் இரவு முழுக்க 4 என்ற எண்தான் கண்ணில் ஓடும்.

2022இல் நான் பார்த்த வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடம். தடுப்புக்குப் பின்னால் தட்டு தட்டாக வாக்குச்சீட்டுகள்: ரிக்ஸ்டாக்குக்கு மஞ்சள், மாகாணத்துக்கு நீலம், நகராட்சிக்கு வெள்ளை. ஒவ்வொரு கட்சிக்கும் தனிச் சீட்டு. வேண்டியதை உருவிக்கொண்டு மறைவிடத்துக்குப் போய், பிடித்த வேட்பாளர் பெயர் பக்கத்தில் விரும்பினால் ஒரு பெருக்கல் குறி போட்டு, உறையில் வைத்துக் கொடுக்க வேண்டும். விரலில் மை கிடையாது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் நாயைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் கட்சிக்காரர்கள் சீட்டை நீட்டினார்கள், வேண்டாம் என்றதும் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். வாக்குப்பதிவு 84 சதவீதம். 2018இல் 87 என்பதால், இதைக் ‘குறைந்துவிட்டது’ என்று பத்திரிகைகள் கவலைப்பட்டன.

பெரும்பான்மை இல்லாதவர்கள் எப்படி ஆட்சி அமைக்கிறார்கள்?

இதுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களை அதிகம் குழப்பும் விஷயம். இங்கே பிரதமராக 175 பேரின் ஆதரவு தேவையில்லை. எதிர்த்து வாக்களிப்பவர்கள் 175 பேரை எட்டாமல் இருந்தால் போதும். பிடிக்காத கட்சி ‘சரி, போ’ என்று வாக்களிக்காமல் இருந்துவிட்டால் ஆட்சி அமைந்துவிடும்.

2021 நவம்பர் 24ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மக்டலேனா ஆண்டர்சனுக்கு ஆதரவு 117, எதிர்ப்பு 174, வாக்களிக்காதவர் 57, வராதவர் ஒருவர். ஒரே ஒரு வாக்கில் நாட்டின் முதல் பெண் பிரதமராகத் தேர்வானார். அன்று பிற்பகலே அவருடைய பட்ஜெட் தோற்று எதிர்க்கட்சிகளின் பட்ஜெட் நிறைவேறியது. ‘அவர்கள் எழுதிய பட்ஜெட்டில் நாங்கள் ஆள மாட்டோம்’ என்று பசுமைக் கட்சி கூட்டணியை விட்டு விலக, ஏழே மணி நேரத்தில் ராஜினாமா. ஐந்து நாள் கழித்துத் தனிக்கட்சி ஆட்சியாக மீண்டும் தேர்வானார். இந்தக் கூத்திலும் தெருவில் ஒரு கல் விழவில்லை, ஒரு பேருந்து நிற்கவில்லை.

அதே ஆண்டு ஜூனில் அவருக்கு முந்தைய பிரதமர் ஸ்டெஃபான் லோவேன் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றிருந்தார். ஸ்வீடன் வரலாற்றில் அப்படித் தோற்ற முதல் பிரதமர் அவர்தான். காரணம் வீட்டு வாடகை! புதிதாகக் கட்டும் வீடுகளுக்குச் சந்தை வாடகை விடலாமா என்ற பேச்சிலேயே இடதுசாரிக் கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது.

இன்னும் பழைய கதை ஒன்று. அப்போது இடங்கள் 350. 1973 தேர்தலில் இரு அணிகளுக்கும் சரியாக 175, 175. மூன்று ஆண்டுகள் வாக்கெடுப்பு சமமாகும்போதெல்லாம் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பிறகுதான் ஓர் இடத்தைக் குறைத்து 349 ஆக்கினார்கள்.

2022க்குப் பிறகு யார் ஆட்சி?

அந்தத் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சிதான் 107 இடங்களுடன் முதலிடம். ஆனால் வலதுசாரி அணி மொத்தம் 176, எதிரணி 173. மிதவாதக் கட்சியின் உல்ஃப் கிறிஸ்டர்சன், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியையும் லிபரல் கட்சியையும் சேர்த்துக்கொண்டு பிரதமரானார். அந்த அணியிலேயே பெரிய கட்சி, 73 இடங்கள் பெற்ற ஸ்வீடன் ஜனநாயகவாதிகள் கட்சி. அது அமைச்சரவையில் இல்லை. வெளியிலிருந்து ஆதரவு என்று நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான். ஆனால் வாய்வார்த்தை அல்ல. வெஸ்டெரோஸ் நகருக்குப் பக்கத்தில் டீடோ என்ற பழைய மாளிகையில் உட்கார்ந்து 60 பக்கத்துக்கு மேல் ஒப்பந்தம் எழுதினார்கள். அரசு என்ன செய்ய வேண்டும், யாருக்கு விசா கெடுபிடி என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருந்தது. ‘டீடோ கட்சிகள்’ என்று செய்தியில் வந்தால் இந்த நால்வர்தான். இடதுசாரி, மையக் கட்சி, பசுமைக் கட்சி மூன்றும் மறுபக்கம். அடுத்த தேர்தலுக்கான தேதி 2026 செப்டம்பர் 13.

ஸ்வீடன் ஜனநாயகவாதிகள் கட்சி இவ்வளவு வளர்ந்தது எப்படி?

1988இல் தொடங்கிய கட்சி. வேர், வெள்ளை இனவாத, நவநாஜி வட்டாரங்களில். எதிரிகள் கட்டிவிட்ட கதை அல்ல இது. கட்சியே ஒரு வரலாற்றாசிரியரை வைத்துத் தன் பழைய வரலாற்றை எழுதச் சொல்லி, தொடர்பை ஒப்புக்கொண்டது. 2005இல் தலைவரான ஜிம்மி ஓகேசன் அதைக் கோட்டு சூட்டுப் போட்ட கட்சியாக மாற்றினார். 2010இல் 5.7 சதவீதத்தோடு ரிக்ஸ்டாக்குக்குள் நுழைந்தது. 2022இல் 20.5.

இடையில் நடந்தது 2015. அந்த ஓராண்டில் சுமார் 1,63,000 பேர் தஞ்சம் கேட்டு வந்தார்கள், ஒரு கோடிப் பேர் உள்ள நாட்டுக்கு. முந்தைய ஆண்டுதான் வலதுசாரிப் பிரதமர் ஒருவர் ‘இதயத்தைத் திறந்து வையுங்கள்’ என்று மக்களைக் கேட்டிருந்தார். 2015 நவம்பரில் இடதுசாரி அரசு கதவைச் சாத்துவதாக அறிவித்தபோது, துணைப் பிரதமர் ஓசா ரொம்சன் பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதேவிட்டார். கதவைத் திறந்ததும் சாத்தியதும் கட்சி நிறம் பார்த்து நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குப் பிறகு பெரிய கட்சிகள் எல்லாமே அந்தப் பக்கம் நகர்ந்தன. ஓகேசன் கட்சிக்குக் கிடைத்த உண்மையான வெற்றி அதுதான் என்பது என் கணிப்பு.

துப்பாக்கிச் சூடு, குண்டுவெடிப்பு என்று செய்தி வருகிறதே, உண்மையா?

உண்மை. 2022இல் மட்டும் 62 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போதைப்பொருள் கும்பல்களுக்கு இடையிலான பழிவாங்கல்தான் பெரும்பகுதி. வேதனை என்னவென்றால் சுடுகிறவர்களின் வயது. 15 வயதுக்குக் கீழே குற்றப் பொறுப்பு கிடையாது என்ற சட்டத்தைப் பயன்படுத்தி, செல்போன் செயலிகள் வழியாகப் பையன்களைக் கூலிக்குப் பிடிக்கிறார்கள். அந்த வயதைக் குறைக்கலாமா என்பது பெரிய அரசியல் சண்டை ஆகிவிட்டது.

இந்தப் பையன்களில் பலர் வளரும் அடுக்குமாடிப் பகுதிகள் ஸ்டாக்ஹோமின் ரிங்கெபி, மால்மோவின் ரூசெங்கோட் போன்றவை. 1965 முதல் 1974 வரை பத்து லட்சம் வீடு கட்டுவோம் என்று அரசு சபதம் எடுத்துக் கட்டிய காலத்தவை. வீடுகள் மோசமில்லை. வசதி வந்தவர்கள் கிளம்பிப்போக, புதிதாக வந்தவர்கள் அங்கேயே குவிந்தார்கள். ஸ்டாக்ஹோமில் பொதுப் பதிவில் வாடகை வீட்டுக்குக் காத்திருப்பவர்கள் 8 லட்சத்துக்கும் மேல், நல்ல இடமென்றால் பத்துப் பதினைந்து ஆண்டுகூட ஆகும். நேற்று வந்தவருக்கு வேறு எங்கே வீடு கிடைக்கும்?

சரி, தெருவில் நடக்கப் பயமா என்றால், எனக்கு இல்லை. இரவு பதினொரு மணிக்கு மெட்ரோவில் தனியாக வரும் பெண்களைத் தினமும் பார்க்கலாம். இரண்டுமே ஒரே ஊரில்தான்.

வரி எவ்வளவு? பாதிச் சம்பளம் போய்விடுமாமே?

சராசரி ஆளுக்கு அப்படிப் போகாது. நகராட்சியும் மாகாணமும் சேர்ந்து எடுப்பது சராசரியாக 32 சதவீதம். ஒரு வரம்புக்கு மேல் சம்பாதித்தால் மட்டும் அந்த மேல்தொகைக்கு மத்திய அரசு 20 சதவீதம் எடுக்கும். வேலை செய்கிறவர்களுக்குக் கழிவும் உண்டு. முதலாளி உங்கள் சம்பளத்துக்கு மேல் 31.42 சதவீதம் தனியாகக் கட்டுகிறார், அது உங்கள் சம்பளச் சீட்டில் பளிச்சென்று தெரியாது. கடையில் வாங்கும் பொருள்களில் பலவற்றுக்கு 25 சதவீத விற்பனை வரி.

வரிக் கணக்கு தாக்கல் செய்வது சுலபம். வரித்துறையே எல்லாம் நிரப்பி அனுப்பும். சரியாக இருந்தால் போனில் ஒரு குறுஞ்செய்தி, வேலை முடிந்தது. ஆடிட்டர் வீட்டு வாசலில் நிற்க வேண்டாம்.

குழந்தை பிறந்தால் 480 நாள் விடுப்பு என்பது நிஜமா?

நிஜம். தாய் தந்தை இருவருக்கும் சேர்த்து 480 நாள். 390 நாளுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய 80 சதவீதம், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு. மீதி 90 நாளுக்கு ஒரு சிறு தொகை. இதில் ஆளுக்கு 90 நாள் ஒதுக்கீடு, இன்னொருவருக்கு மாற்ற முடியாது. அப்பா எடுக்காவிட்டால் அந்த நாள்கள் போயே போச்சு. ‘அப்பா மாதம்’ என்று 1995இல் ஒரு மாதத்தில் தொடங்கி மூன்று மாதமாக வளர்ந்தது இது. வாரநாள் காலை பத்து மணிக்குப் பூங்காவில் தள்ளுவண்டியோடு காபி குடித்துக்கொண்டிருக்கும் ஆண்கள் கூட்டம் இதன் விளைவு. 2024 ஜூலை முதல் தாத்தா பாட்டிக்கும் கொஞ்சம் நாள்களை மாற்றிக் கொடுக்கலாம்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளத் தனியாக விடுப்பு உண்டு. அதன் பெயர்ச் சுருக்கம் ‘வாப்’. எல்லா வீட்டிலும் சளி பிடிக்கும் பிப்ரவரியை இங்கே ‘வாப்ருவரி’ என்பார்கள். பிள்ளையை அடிப்பதற்கு 1979 முதல் சட்டப்படி தடை, உலகிலேயே முதலில். புதுச் சட்டத்தைப் பால் பாக்கெட்டில் அச்சடித்து வீட்டுக்கு வீடு சேர்த்தார்கள்.

குறைந்தபட்சக் கூலி எவ்வளவு?

அப்படி ஒரு சட்டமே கிடையாது. கூலியை முடிவு செய்வது தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் துறைவாரியாகப் போடும் ஒப்பந்தம். 1938இல் சால்ட்ஷேபாடன் என்ற ஊரில் இரு தரப்பும் கை குலுக்கிக்கொண்டதிலிருந்து அரசைப் பேச்சுவார்த்தைக்குள் விடுவதில்லை என்பது மரபு. தொழிலாளர்களில் பத்தில் ஏறக்குறைய ஏழு பேர் சங்கத்தில் இருக்கிறார்கள்.

ஒப்பந்தம் போட மாட்டேன் என்றால் என்ன ஆகும்? டெஸ்லா அப்படிச் சொன்னது. 2023 அக்டோபர் 27இல் உலோகத் தொழிலாளர் சங்கம் அதன் பணிமனைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. துறைமுகத் தொழிலாளர்கள் டெஸ்லா கார்களை இறக்க மறுத்தார்கள். தபால்காரர்கள் நம்பர் பிளேட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க மறுத்தார்கள். ஆதரவு வேலைநிறுத்தம் இங்கே சட்டப்படி செல்லும். சம்பளத்தை மட்டும் பற்றிய சண்டை அல்ல இது. ஒரு நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்தவனும் கேட்பான், முறையே ஆட்டம் கண்டுவிடும் என்பதுதான் பயம்.

அரசுக் காகிதம் எதையும் யாரும் கேட்டு வாங்கலாமாமே?

1766இல் வந்த பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது. அமைச்சரின் பயணச் செலவு ரசீது, பக்கத்து வீட்டுக்காரரின் வருமானம் எல்லாம் பொது ஆவணம். ஏன் வேண்டும் என்று அதிகாரி கேட்கக் கூடாது. 1995இல் பிரதமர் நாற்காலிக்கு அடுத்து யார் என்றிருந்த மோனா சாலின், அரசு அட்டையில் சொந்தச் செலவு செய்திருந்தது ரசீதுகளில் தெரிந்துவிட, போட்டியிலிருந்தே விலகினார். அந்தச் செலவில் இரண்டு டோப்லரோன் சாக்லேட்டும் இருந்ததால், அதற்கு ‘டோப்லரோன் விவகாரம்’ என்றே பெயர்.

ஆனால் ஆயுத விற்பனை என்றால் இந்த வெளிச்சம் மங்கிவிடும். இந்தியாவோடு 1,437 கோடி ரூபாய்க்குப் பீரங்கி ஒப்பந்தம் போட்ட போஃபர்ஸ், ஸ்வீடன் நிறுவனம். லஞ்சம் கைமாறியதை 1987 ஏப்ரலில் வெளியே கொண்டுவந்தது ஸ்வீடன் வானொலிதான், அரசு தானாகச் சொல்லவில்லை.

கொரோனாவில் ஏன் ஊரடங்கு போடவில்லை?

ஒரு பகுதி விடை அரசியல் சாசனத்தில் இருக்கிறது. அமைச்சர் ஓர் அரசு முகமையைக் கூப்பிட்டு இந்த வழக்கில் இப்படி முடிவெடு என்று சொல்ல முடியாது. அப்படிச் செய்தால் அதற்குப் பெயரே ‘அமைச்சர் ஆட்சி’, திட்டுச்சொல். அதனால் 2020இல் முன்னால் நின்றவர் பிரதமர் அல்ல, பொதுச் சுகாதார முகமையின் ஆண்டெர்ஸ் டெக்னெல். முதியோர் இல்லங்களைக் காக்கத் தவறியதை விசாரணைக் குழு கடுமையாகவே கண்டித்தது. மூன்றாண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் மிகை இறப்பு ஐரோப்பாவில் குறைந்த வரிசையில்தான் வருகிறது. இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

200 ஆண்டு நடுநிலை என்னாயிற்று?

1814க்குப் பிறகு ஸ்வீடன் போருக்குப் போகவில்லை. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த மூன்றே மாதத்தில், 2022 மேயில், பின்லாந்தோடு சேர்ந்து நேட்டோவுக்கு விண்ணப்பித்தது. துருக்கியும் ஹங்கேரியும் இழுத்தடித்ததில் 2024 மார்ச் 7இல்தான் உறுப்பினரானது. பொது வாக்கெடுப்பு நடத்தவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1995 முதல் இருக்கிறது, ஆனால் யூரோவை 2003 வாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்ததால் பணம் இன்னும் குரோனாதான்.

எல்லாரையும் ‘நீ’ என்று கூப்பிடலாமா?

கூப்பிடத்தான் வேண்டும். 1960கள் வரை இங்கே மரியாதைச் சிக்கல் நம்மையும் மிஞ்சியது. எதிரே நிற்பவரிடமே ‘இயக்குநர் ஸ்வென்சன் காபி குடிப்பாரா?’ என்று படர்க்கையில் கேட்பார்கள். 1967இல் மருத்துவ முகமையின் தலைவரான ப்ரூர் ரெக்செட், ஊழியர்கள் எல்லாரையும் ‘நீ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். சில ஆண்டுகளில் நாடே மாறிவிட்டது. பிரதமரும் ‘நீ’, டாக்டரும் ‘நீ’. என் மகன் டீச்சரைப் பெயர் சொல்லி ‘நீ’ என்று பேசிவிட்டு, அடுத்த நிமிடம் ஊரிலிருக்கும் அவன் பாட்டியிடம் போனில் ‘நீ சாப்பிட்டியா’ என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வான்.

இந்த ‘நீ’யில் நெருக்கம் இருப்பதாக ஏமாந்துவிடாதீர்கள். எங்கள் குடியிருப்பில் பொதுச் சலவை அறை உண்டு. நேரம் பதிந்துதான் போக வேண்டும். முதல் மாதத்தில் ஒரு நாள் என் நேரம் முடிந்து பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். ஈரத்துணி கூடையில் கிடந்தது, மேலே ஒரு சீட்டு: ‘நேரம் எல்லாருக்கும் ஒன்றுதான். நன்றி!’ யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் மாடிப்படியில் எல்லாரும் வழக்கம்போலப் புன்னகைத்தார்கள்.

தமிழர்களுக்கு ஸ்வீடனோடு என்ன தொடர்பு?

நினைப்பதைவிடப் பழையது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு 1921இல் தரங்கம்பாடி ஆயராகப் பட்டம் பெற்ற முதல் ஆயர் ஸ்வீடன்காரர். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு இலங்கையில் கண்காணிப்புக் குழுவாக இருந்த ஐந்து நார்டிக் நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்ததும், ஒன்றிய நாட்டுக்காரர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கேட்க, ஸ்வீடன்காரர்கள் கிளம்பினார்கள்.

இங்கே ஈழத்தமிழர் குடும்பங்கள் 1980களிலிருந்து இருக்கின்றன, தமிழ்நாட்டிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவர்கள் பிறகு. பிள்ளைகளுக்குப் பள்ளி வழியாகவே தமிழ் கற்கலாம். ஒரே நகராட்சியில் குறைந்தது ஐந்து பிள்ளைகள் கேட்டு, ஆசிரியரும் கிடைத்தால் நகராட்சி தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும். ஆசிரியர் கிடைப்பதுதான் பாடு.

குடியுரிமை இல்லாமல் வாக்களிக்க முடியுமா?

ரிக்ஸ்டாக்குக்கு முடியாது. நகராட்சிக்கும் மாகாணத்துக்கும் முடியும். இந்திய, இலங்கைக் குடியுரிமையோடு இருப்பவர்கள் 18 வயது நிறைந்து, தேர்தலுக்கு முன் தொடர்ந்து மூன்று ஆண்டு இங்கே குடியிருப்பாகப் பதிவாகியிருக்க வேண்டும். இது 1976 முதல் உள்ள உரிமை. தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை, வாக்காளர் அட்டை தபாலில் தானாக வரும். விளம்பரக் காகிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்ட நண்பர்கள் எனக்கு இரண்டு பேர். போனாலும் புதிது வாங்கிக்கொள்ளலாம். சாவடிக்குப் போகும்போது மறக்காமல் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் சீட்டைத் தொட வேண்டாம், நீலமும் வெள்ளையும்தான் உங்களுக்கு.